ரன்ஃப்ளாட்டில் ஆணி ஏறிவிட்டது: பஞ்சர் போடலாமா, டயரையே மாற்றணுமா?

கேள்வி இதுதான். பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், 225/50 ஆர்17 ரன்ஃப்ளாட் (காற்று போன பிறகும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய டயர்). பின்பக்க இடது டயரில் ஆணி. எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் சுமார் 30 கி.மீ. ஓட்டி வீடு வந்து சேர்ந்தாயிற்று. சர்வீஸ் சென்டரில் "டயரை மாற்றுங்கள்" என்கிறார்கள். தெருமுனை பஞ்சர் கடையில் "200 ரூபாய் கொடுங்கள், ஸ்ட்ரிப் (ஓட்டையில் வெளியிலிருந்து திணிக்கும் ரப்பர் திரி) போட்டுத் தருகிறேன்" என்கிறார்கள். டயர் இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. யார் சொல்வதைக் கேட்பது?

இருவருமே ஆணியைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ரன்ஃப்ளாட்டில் ஆணி இரண்டாவது விஷயம்தான். அந்த 30 கிலோமீட்டரும் டயருக்குள் எவ்வளவு காற்று இருந்தது என்பதை முதலில் கேட்கவேண்டும். 25, 26 பிஎஸ்ஐ இருந்திருந்தால் இது எந்த டியூப்லெஸ் டயருக்கும் வரும் சாதாரண பஞ்சர். காற்றே இல்லாமல் ஓடியிருந்தால், ஓட்டை குண்டூசி அளவே இருந்தாலும் டயரின் கதை முடிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஏன் என்று புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் தானாக வரும். சாதாரண டயரில் வண்டியின் எடையைத் தாங்குவது காற்று. ரப்பரும் கம்பியும் அந்தக் காற்றை அடைத்து வைத்திருக்கும் பை, அவ்வளவுதான். காற்று போனால் சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர், மடிந்து ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கி, சீக்கிரமே கிழிந்துவிடும். ரன்ஃப்ளாட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் சைடுவாலுக்குள் இரண்டு பக்கமும் பிறை வடிவத்தில் கெட்டியான ரப்பர் பட்டை ஒன்று தெரியும்: நடுவில் தடித்து, இரு முனையிலும் மெலிந்திருக்கும். காற்று போனதும் வண்டியைச் சுமப்பது அந்தப் பிறைதான். சுமக்கிறது என்றால் சும்மா இல்லை. சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் தரையைத் தொடும் இடத்தில் அது நசுங்கி நிமிர்கிறது. உங்கள் அளவு டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கிலோமீட்டருக்குச் சுமார் 480 சுற்று. 30 கிலோமீட்டரில் ஒவ்வொரு இடமும் பதினாலாயிரம் தடவைக்கு மேல் நசுங்கி நிமிர்ந்திருக்கும். ஒரு கம்பியை வளைத்து வளைத்து உடைப்போமே, அப்போது கம்பி சூடாகும் அல்லவா, அதே சூடுதான் இங்கேயும். அந்தச் சூட்டில் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் இழைக்கும் இடையிலான ஒட்டு விடத் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிது போலவே இருக்கும்.

"80 கி.மீ. தூரம், 80 கி.மீ. வேகம்" என்று கம்பெனிகள் சொல்வதை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். அது டயர் பிழைத்திருக்கும் எல்லை இல்லை. ஆபத்தான இடத்தில் நிற்காமல் நீங்கள் பத்திரமாகப் போய்ச்சேரும் எல்லை. சுமையைப் பொறுத்தும் அது மாறும். பழைய இ90 ரக 3 சீரிஸ் கையேட்டில், ஒன்றிரண்டு பேர் சாமான் இல்லாமல் போனால் 250 கி.மீ., நடுத்தரச் சுமைக்கு 150, நாலு பேரும் டிக்கி நிறையச் சாமானும் என்றால் வெறும் 50 என்று தனித்தனியாகவே போட்டிருந்தது. குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது பஞ்சர் ஆனால் 80 என்ற எண்ணையும் முழுதாக நம்பவேண்டாம் என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

விளக்கு எரிந்த அந்த நிமிடம்

டயர் தப்புவதும் தப்பாததும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. ரன்ஃப்ளாட்டில் காற்று போனால் கண்ணுக்குத் தெரியாது. சைடுவால் விறைப்பாக நிற்பதால் பூஜ்யத்திலும் வண்டி கொஞ்சம் தாழ்ந்த மாதிரி இருக்குமே தவிர, சாதாரண டயர் போலத் தரையில் சப்பையாகப் படியாது. காலால் உதைத்துப் பார்ப்பதும் பயன்படாது. விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடமாகப் பார்த்து நிறுத்தி, காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் வைத்து அளந்து, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோனில் ஒரு படம் எடுத்தாலும் போதும். அந்த ஒரு எண் இல்லாமல் கடைக்குப் போனால் எந்த மெக்கானிக்காலும் உங்களுக்கு உறுதியான பதில் சொல்ல முடியாது.

வண்டியில் சென்சார் இருக்கிறதா இல்லையா என்பதும் முக்கியம். சில மாடல்களில் ஒவ்வொரு வால்வோடும் ஒரு சென்சார் உட்கார்ந்து காற்றழுத்தத்தை நேரடியாக அளந்து திரையில் காட்டும். வேறு சில மாடல்களில் சென்சாரே கிடையாது. காற்று குறைந்த சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றும் என்பதை ஏபிஎஸ் மூலம் கண்டுபிடித்து விளக்கைப் போடும். இரண்டாவது வகையில் எவ்வளவு குறைந்தது என்று தெரியாது. கணிசமாகக் குறைந்த பிறகுதான் விளக்கே வரும். அந்த வகை வண்டி வைத்திருப்பவர்கள் கேஜ் ஒன்று வாங்கி வைக்காமல் இருக்கக் கூடாது.

ஆணியைப் பிடுங்காதீர்கள். ரொம்பப் பேர் செய்யும் தப்பு இது. ஆணி தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டிருக்கும். அதோடு இருந்தால் மணிக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐதான் இறங்கும். பிடுங்கினால் சில நிமிடத்தில் பூஜ்யம். 12 வோல்ட் சாக்கெட்டில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் ஒன்று டிக்கியில் இருந்தால், காற்று அடித்து, 15, 20 கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி மறுபடி அளந்து அடித்துக்கொண்டே கடை வரை போய்விடலாம். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் அது. ஒரு தடவை பயன்பட்டாலே டயர் விலையில் பெரும்பகுதி மிச்சம். ரன்ஃப்ளாட் இருக்கிறதே, எதற்குக் கம்ப்ரஸர் என்று நினைக்கிறார்கள். ரன்ஃப்ளாட் உங்களைக் காப்பாற்றும், கம்ப்ரஸர் அந்த ரன்ஃப்ளாட்டைக் காப்பாற்றும்.

காற்றே நிற்கவில்லை என்றால் 80 வேகம் வரை போகலாம் என்று அனுமதி இருந்தாலும் 50, 60-லேயே போங்கள். வளைவில் மெதுவாக. குழியைக் கண்டால் ஒதுங்குங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் அடி நேராக ரிம்முக்குப் போகும். திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவில் பஞ்சர் ஆனாலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் 70 கிலோமீட்டருக்குள் ஊர் வந்துவிடும், பதற்றப்பட வேண்டியதில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் முதலில் கண்ணில் படும் கொட்டகைக் கடையில் டயரைக் கழற்றச் சொல்லாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

டயரைக் கழற்றி உள்ளே பார்க்காமல் பதில் கிடையாது

ரிம்மிலிருந்து கழற்றாமல், வெளியிலிருந்தே ஸ்ட்ரிப் குத்தி அனுப்புகிறவர் உங்களுக்கு அடைத்துக் கொடுப்பது ஓட்டையை மட்டும். காற்று நிற்கும், அதில் சந்தேகமில்லை. உள்ளே சைடுவால் என்ன கதியில் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அடுத்த தடவை 120-ல் போகும்போது அந்த சைடுவாலை நம்பித்தான் போகிறீர்கள்.

கழற்றியதும் முதலில் டயரைச் சாய்த்துத் தட்டிப் பாருங்கள். பென்சிலை அழித்த ரப்பர் துகள் மாதிரி, அல்லது நைஸான கறுப்புப் பொடியாக, உள்ளிருந்து கொட்டினால் பேச்சே வேண்டாம். அது உள் லைனர், அதாவது டயரின் உள்பக்கத்தில் காற்றை அடைத்து வைக்கும் ரப்பர் படலம், அரைபட்ட பொடி. பொடி இல்லையென்றால் டார்ச் அடித்து உள் சைடுவாலைச் சுற்றிலும் பாருங்கள். நல்ல டயரின் உள்பக்கம் ஒரே மாதிரி கறுப்பாக, வார்ப்பின் கோடுகள் அழியாமல் இருக்கும். காற்றில்லாமல் ஓடிய டயரில் பட்டனின் (ரோட்டைத் தொடும் பகுதி) ஓரத்துக்கும் பீடுக்கும் (ரிம்மில் உட்காரும் விளிம்பு) நடுவில் வட்டமாக ஒரு கோடு விழுந்திருக்கும். அந்த இடம் மட்டும் பளபளப்பாகவோ லேசான நீலம் பாய்ந்தோ இருக்கலாம். கையில் துணி சுற்றிக்கொண்டு தடவினால் சின்னச் சின்ன சுருக்கங்கள் தட்டுப்படும். துணி ஏன் என்றால் உள்ளே இருக்கும் கம்பி ஏதாவது வெளியே வந்திருந்தால் விரலைக் கிழித்துவிடும். வெளியிலும் ஒரு அடையாளம் உண்டு: சைடுவாலில் எழுத்துகள் இருக்கும் பகுதியைச் சுற்றி ரோட்டில் தேய்ந்த மாதிரி ஒரு பட்டை. கடைசியாக பீடைச் சுற்றிப் பாருங்கள். ரிம்மில் உட்காரும் அந்த விளிம்பில் கிழிசலோ, கம்பி தெரிகிற இடமோ இருக்கக் கூடாது.

இதில் எந்த ஒன்று இருந்தாலும் டயரை ஒதுக்கிவிடுங்கள். ஒன்றுமே இல்லையென்றால்? இங்கேதான் நேர்மையாகப் பேசவேண்டும். காற்றில்லாமல் ஓடியதற்கான சேதம் எப்போதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது. பிறைப் பட்டையின் ஒட்டு விட்டிருந்தால் மேலே லைனர் அழகாகவே இருக்கலாம். அதனால் கண்ணால் பார்ப்பதும், நீங்கள் குறித்து வைத்த அழுத்த எண்ணும் இரண்டும் சேர்ந்தால்தான் முடிவு. உள்ளே சுத்தம், அழுத்தமும் 20-க்குக் கீழே போகவில்லை என்றால் தைரியமாகப் பஞ்சர் போடலாம். உள்ளே சுத்தம், ஆனால் பூஜ்யத்தில் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடியது என்று தெரியும் என்றால் மாற்றிவிடுவதுதான் என் பரிந்துரை. நடுவில் இருக்கும் கேஸ்களில் வண்டி எங்கே ஓடுகிறது என்பதைப் பார்க்கலாம். ஆனால் நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிற வண்டிக்குச் சந்தேகத்தின் பலனை டயருக்குக் கொடுக்காதீர்கள்.

கம்பெனிகளும் இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. மிஷலின் தன் இசட்பி என்ற ரன்ஃப்ளாட் டயரை, உள்ளே சேதம் இல்லையென்றால், ஒரே ஒரு தடவை ரிப்பேர் செய்ய அனுமதிக்கிறது. கான்டினென்டல் தன் எஸ்எஸ்ஆர் என்ற ரன்ஃப்ளாட்டுக்கு ரிப்பேரைப் பரிந்துரைப்பதில்லை. கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டர்கள் பெரும்பாலும் "மாற்று" என்றே சொல்லும். விற்பனைக்காகச் சொல்கிறார்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டயர் எத்தனை கிலோமீட்டர் காற்றில்லாமல் ஓடியது என்று அவர்களுக்குத் தெரியாதபோது வேறு பதிலுக்கு அவர்கள் பொறுப்பேற்க முடியாது. உங்களுடையது எந்த வகை என்று சைடுவாலிலேயே இருக்கும்: பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் ஆர்எஃப்டி, குட்இயர் என்றால் ஆர்ஓஎஃப், மிஷலின் என்றால் இசட்பி, கான்டினென்டல் என்றால் எஸ்எஸ்ஆர். மெர்சிடிஸுக்கென்று செய்த ரன்ஃப்ளாட்டில் எம்ஓஇ என்றிருக்கும். வெறும் எம்ஓ என்றால் அது சாதாரண டயர்; அந்த ஒரு எழுத்தைக் கவனிக்காமல் மாற்றி வாங்கிவிடுகிறவர்கள் உண்டு.

ஓட்டை எங்கே, எவ்வளவு

உள்ளே தேறியது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து ஓட்டைக்கு வருவோம். குறுக்களவு 6 மி.மீ.க்குள் இருக்கவேண்டும். பட்டனின் நடுப்பகுதியில் இருக்கவேண்டும். பிரிட்டிஷ் தரவிதி பட்டன் அகலத்தில் நடு முக்கால் பாகம் என்று கணக்குச் சொல்கிறது. 190 மி.மீ. அகலப் பட்டன் என்றால் இரண்டு ஓரத்திலும் சுமார் 24 மி.மீ. விட்டுவிடவேண்டும். கிட்டத்தட்ட ஒரு அங்குலம். அந்த ஓரத்திலோ சைடுவாலிலோ ஆணி ஏறியிருந்தால் ரன்ஃப்ளாட் ஆனாலும் சாதாரண டயர் ஆனாலும் ரிப்பேர் இல்லை. அந்த இடம் ஓயாமல் வளைவதால் எந்தப் பேட்சும் நிற்காது. பட்டன் ஆழம் 1.6 மி.மீ. தேய்மான அடையாளத்தைத் தொட்டிருந்தால் அதற்குப் பஞ்சர் போடுவது வீண்செலவு. ஏற்கெனவே போட்ட பேட்ச் பக்கத்தில் இருந்து, புதுப் பேட்ச் அதன்மேல் ஏறும் என்றாலும் கூடாது.

சைடுவாலில் முட்டை மாதிரி வீங்கியிருந்தால் அது பஞ்சர் கேஸே இல்லை. குழியில் விழுந்து உள்ளே இழை அறுந்திருக்கிறது. நம் ஊர் ரோட்டில் ரன்ஃப்ளாட் சாவது ஆணியைவிட இதனால்தான் அதிகம் என்று தோன்றுகிறது. விறைப்பான சைடுவால் அடியை உள்வாங்காமல் இழைக்கும் ரிம்முக்கும் கடத்திவிடுகிறது. வீங்கிய டயரோடு ஒரு நாள்கூட நெடுஞ்சாலையில் ஏறவேண்டாம். ரிம்மையும் மெஷினில் சுற்றவிட்டு வளைவோ விரிசலோ இருக்கிறதா என்று பாருங்கள்.

சரியான ரிப்பேர் என்றால் மஷ்ரூம் பேட்ச்

காளான் வடிவம்: தலை உள் லைனரில் ஒட்டும், தண்டு ஓட்டையை அடைக்கும். தலை காற்றை நிறுத்துகிறது, தண்டு தண்ணீரை நிறுத்துகிறது. வெறும் உள்பேட்ச் போட்டால் ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் ஏறி, பட்டனுக்கு அடியில் இருக்கும் பெல்ட் கம்பி துருப்பிடிக்கும். வெறும் ஸ்ட்ரிப் போட்டால் உள்பக்கத்தில் லைனரை மூடும் பேட்ச் இல்லை. இரண்டும் சேர்ந்ததுதான் ரிப்பேர்.

வேலை நடக்கும் முறை தெரிந்தால் பக்கத்தில் நின்று கவனிக்கலாம். ஆணி இருந்த இடத்தையும், வால்வுக்கு நேரே டயர் எந்த நிலையில் இருந்தது என்பதையும் சாக்பீஸால் குறிக்கவேண்டும். ஆணியைப் பிடுங்கும்போது அது எந்தக் கோணத்தில் ஏறியிருந்தது என்று பார்க்கவேண்டும். 25 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் ஒற்றைத் துண்டு மஷ்ரூம் சரியாக உட்காராது. தண்டு தனி, பேட்ச் தனி என்று இரண்டு துண்டாகப் போடவேண்டும். பிறகு மெதுவாகச் சுற்றும் டிரில்லில் கார்பைட் கட்டர் மாட்டி, ஆணி போன கோணத்திலேயே உள்ளிருந்து துளையைச் சுத்தம் செய்வார்கள். பிய்ந்த கம்பி முனைகளை வெட்டி மழுங்கச் செய்வதற்கு இது. இதைச் செய்யாமல் விட்டால் அந்த முனைகள் போகப்போகத் தண்டை அறுக்கும்.

அடுத்து லைனரைக் கிளீனர் போட்டுத் துடைத்து, சுரண்டி, பேட்சின் தலையைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத்துக்குத் தேய்க்கவேண்டும். வெல்வெட் துணி மாதிரி சொரசொரப்பு வந்தால் போதும். வேகமாகச் சுற்றும் கிரைண்டரில் தேய்த்தால் ரப்பர் கருகும். கருகிய ரப்பரில் எதுவும் ஒட்டாது. 5,000 ஆர்பிஎம்முக்குள் சுற்றும் பஃபர்தான் இதற்கானது. லைனரைத் தாண்டி உள் இழை தெரியும்வரை தேய்த்துவிட்டால் டயர் போச்சு. தூசியை வேக்குவத்தால் உறிஞ்சவேண்டும். கம்ப்ரஸர் காற்றில் ஊதினால் அதிலுள்ள ஈரமும் எண்ணெயும் அந்த இடத்தில் படியும். சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, மூன்று முதல் ஐந்து நிமிடம் தானாகக் காயவிடவேண்டும். விரலின் பின்பக்கத்தால் தொட்டால் பிசுக்கென்று பிடிக்கவேண்டும், கையோடு வரக்கூடாது. பொறுமை போவது இங்கேதான். ஊதிக் காயவைப்பார்கள், தீக்குச்சி காட்டுவார்கள். இரண்டுக்கும் இடம் கொடுக்காதீர்கள். நம் ஊர் மழைக்காலத்தில் காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாகவே விடலாம்.

தண்டை உள்ளிருந்து வெளியே இழுத்து, தலையை ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி அழுத்தி உருட்டவேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்கு உருட்டினால் காற்றுக் குமிழி உள்ளே மாட்டிக்கொள்ளும். தேய்த்து வெளியே தெரியும் பகுதிக்கு லைனர் சீலர் ஒரு பூச்சு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைப் பட்டன் மட்டத்துக்கு மேலே 3 மி.மீ. விட்டு வெட்டவேண்டும், இழுக்காமல். இழுத்துக்கொண்டு வெட்டினால் அது உள்ளே சுருங்கி, குழியும்.

ஸ்ட்ரிப் ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் என்ன செய்வது? அவசரத்துக்குப் போட்டு ஊர் வந்தது தப்பில்லை, வந்ததும் மஷ்ரூமுக்கு மாற்றிவிடுங்கள். ஆனால் துருவும் ஊசியால் நாலு தடவை குத்தி, காற்று நிற்கவில்லை என்று இரண்டாவது ஸ்ட்ரிப்பையும் திணித்திருந்தால் ஓட்டை 6 மி.மீ.யைத் தாண்டியிருக்கும். 3 மி.மீ. ஆணி கெடுக்காத டயரை ரிப்பேர் கெடுத்த கணக்காகிவிடும். ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் சீலன்ட் திரவம் அடித்திருந்தால் கடையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதைக் கழுவிச் சுத்தம் செய்யாமல் பேட்ச் ஒட்டாது, வால்வு சென்சாரின் துளையையும் அது அடைத்துவிடும்.

கடையைத் தேர்ந்தெடுப்பது

ரன்ஃப்ளாட் ரிப்பேரில் கஷ்டம் பேட்ச் அல்ல, டயரைக் கழற்றுவதும் மாட்டுவதும்தான். விறைப்பான சைடுவாலை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்திப் பிடிக்கக் கூடுதல் கை வேண்டும். அதைத்தான் மெஷினில் ஹெல்பர் ஆர்ம் என்கிறார்கள். "ஹெல்பர் ஆர்ம் இருக்கிறதா?" என்று ஃபோனிலேயே கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த கடை. ரன்ஃப்ளாட்டுக்காக வந்த ரிம்களில் காற்றில்லாதபோதும் பீட் நழுவாமல் இருக்க உள் விளிம்பின் மேடு உயரமாக இருக்கும். இரும்பு லீவரைக் கொடுத்து நெம்பினால் அலாய் கீறுவதோடு பீடும் கிழியும். கிழிந்த பீடுக்கு ரிப்பேர் கிடையாது. குளிர்நாட்டில் டயரை அறைச்சூட்டில் வைத்துப் பதமாக்கித்தான் கழற்றுவார்கள். நமக்கு அந்தத் தொல்லை மட்டும் இல்லை.

சென்சார் உள்ள வண்டியானால் மெஷினின் அழுத்தும் தட்டை வால்வுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. சென்சார் ஒரு தட்டில் உடையும். அலுமினிய வால்வில் பித்தளை வால்வு பின் போட்டால் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். நிக்கல் பூசியதையே போடச் சொல்லுங்கள். பீடுக்குப் பூச டயர் பேஸ்ட் இருக்கவேண்டும், கிரீஸ் அல்ல.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. ஸ்டெப்னி இல்லாத வண்டிகளில் பல சமயம் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும்கூட வராது. திருட்டுத் தடுப்பு போல்ட் இருந்தால் அதன் சாவி அடாப்டர் டிக்கியில் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் எந்தக் கடைக்காரரும் சக்கரத்தைக் கழற்ற முடியாது. ஜாக்கியைக் கதவுக்குக் கீழே ஓரத்தில் இருக்கும் செவ்வகமான கட்டையில் மட்டும்தான் வைக்கவேண்டும். போல்ட்டைக் கடைசி முறுக்கு ஏர் கன்னில் விடாமல், முறுக்கு விசையை அளந்து கொடுக்கும் டார்க் ரென்ச்சில் கொடுக்கவேண்டும். பிஎம்டபிள்யூவில் மாடலைப் பொறுத்து 120 அல்லது 140 நியூட்டன் மீட்டர். பேலன்சிங் கட்டாயம். அலைன்மென்ட்? வெறும் பஞ்சருக்கு அலைன்மென்ட் தேவையில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நைட்ரஜனும் அப்படித்தான்.

காற்று அடித்ததும் சோப்புத் தண்ணீரை ஓட்டையில் மட்டும் அல்லாமல், இரண்டு பக்க பீடிலும் வால்விலும் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா டயரிலும் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றைச் சரிசெய்த பிறகுதான் வண்டியின் மெனுவில் டயர் அழுத்த ரீசெட் கொடுக்கவேண்டும். முதலில் ரீசெட், பிறகு காற்று என்று செய்தால் தப்பான அளவையே வண்டி சரி என்று மனப்பாடம் செய்துகொள்ளும். அடுத்த பஞ்சரில் விளக்கு தாமதமாக வரும். ரன்ஃப்ளாட்டில் அந்தத் தாமதத்தின் விலை ஒரு டயர்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

ஒரு டயரை மட்டும் மாற்றலாமா என்று கேட்பீர்கள். அதே ஆக்சிலில் உள்ள ஜோடி டயர் புதிதாகவே இருந்தால், அதே கம்பெனி, அதே மாடல் டயராக ஒன்று போடலாம். உங்கள் கேஸ் அப்படித்தான். ஜோடி பாதி தேய்ந்திருந்தால் இரண்டாகப் போடுவது நல்லது. எக்ஸ்டிரைவ், 4மேட்டிக் மாதிரி நாலு சக்கர இழுவை வண்டிகளில் இது இன்னும் கறார்: சுற்றளவு வித்தியாசம், முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை ஓயாமல் வேலை வாங்கும். முன்னும் பின்னும் வேறு வேறு அகலம் போட்ட வண்டியில் முன் டயரைப் பின்னுக்கு மாற்றும் வழியும் இல்லை. ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் ரன்ஃப்ளாட், மறுபக்கம் சாதாரண டயர் என்று கலக்கவே கூடாது. வளைவில் இரண்டும் வேறு மாதிரி வளையும்.

வாங்கும்போது அளவோடு சேர்த்து லோட் இண்டெக்ஸ் (எவ்வளவு எடை தாங்கும் என்ற எண்), வேக எழுத்து (எவ்வளவு வேகம் தாங்கும் என்ற எழுத்து) இரண்டையும் பழைய டயரோடு ஒப்பிடுங்கள், குறையக் கூடாது. பிஎம்டபிள்யூவுக்கென்று ஒப்புதல் பெற்றதில் நட்சத்திரக் குறி இருக்கும். தயாரிப்புத் தேதி நாலு இலக்கமாக இருக்கும்: 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். இந்த அளவுகள் மெதுவாகத்தான் விற்கும் என்பதால் பழைய சரக்கு வர வாய்ப்பு உண்டு. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபின் சில அளவுகளுக்குத் தட்டுப்பாடும் வந்தது. இரண்டு மூன்று கடைகளில் தேதி கேட்டுப் பாருங்கள்.

இன்ஷூரன்ஸில் இது வருமா? சாதாரண ஃபுல் கவர் பாலிசியில், விபத்தில் வண்டியும் சேர்ந்து அடிபட்டால் மட்டுமே டயருக்குப் பணம், அதுவும் பாதி. டயருக்கென்று தனி ஆட்-ஆன் எடுத்திருந்தால் வீக்கம், வெட்டு, வெடிப்பு போன்றவற்றுக்குப் பொதுவாக உதவும். பஞ்சர் ஒட்டும் செலவு வராது. பாலிசித் தாளில் அந்தப் பகுதியைப் படித்துவிட்டுப் பழைய டயரைக் கடையில் விடுங்கள். ஆய்வுக்கு வருகிறவர் டயரைக் கேட்பார்.

"நாலையும் சாதாரண டயராக மாற்றிவிட்டால் என்ன?" ரன்ஃப்ளாட் வைத்திருக்கும் பாதிப் பேர் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி. செய்யலாம். வண்டி மெத்தென்று போகும், டயர் விலை குறையும், குழியில் ரிம் அடிபடுவதும் குறையும். போட்டால் நாலும் போடவேண்டும். அதோடு சீலன்ட், கம்ப்ரஸர், மஷ்ரூம் வரை தாங்க ஒரு ஸ்ட்ரிப் கிட் டிக்கியில் இருக்கவேண்டும், முடிந்தால் மெலிந்த ஸ்டெப்னி ஒன்றும். டியூப்லெஸ் டயரும், அழுத்தம் காட்டும் கருவியும், ரிப்பேர் கிட்டும் இருந்தால் 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் வண்டியில் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் விதியும் மாறியிருக்கிறது. வாரண்டியில் உள்ள வண்டியானால் மாற்றுவதற்கு முன் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் தனியாக நெடுந்தூரம் ஓட்டுகிறவர் வீட்டில் இருந்தால், நான் ரன்ஃப்ளாட்டையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். இருட்டில் இறங்கி நிற்கவேண்டியதில்லை என்பதற்காகத்தான் அந்தக் கூடுதல் பணம். இதற்கு நேர்மாறாக, அழுத்தம் காட்டும் வசதி இல்லாத பழைய வண்டியில் ரன்ஃப்ளாட் போடுவது மட்டும் வேண்டாம்: காற்று போனதே தெரியாமல் 100-ல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் டயருக்கு வருவோம். இப்போது கேஜ் வைத்து அளந்து பாருங்கள். இன்னமும் 20-க்கு மேல் நிற்கிறது என்றால், ஆணியோடேயே காற்றை முழுதாக அடித்து, ஹெல்பர் ஆர்ம் உள்ள கடைக்கு ஓட்டிப் போய், கழற்றி, உள்ளே பார்த்து, சுத்தமாக இருந்தால் மஷ்ரூம் போடுங்கள். செலவு பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டாது. பூஜ்யத்தில் இருக்கிறது என்றால் வீட்டுக்கு வந்தபிறகு இறங்கியதா, வழியிலேயே இறங்கியதா என்று பார்க்கவேண்டும். சென்சார் உள்ள வண்டியானால் வழியில் திரையில் என்ன எண் காட்டியது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். நினைவில்லை, சென்சாரும் இல்லை என்றால் காற்று அடித்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மெதுவாக இறங்கினால் வழியில் காற்று இருந்திருக்கும் என்று நம்ப இடமுண்டு, உள்ளே பார்த்து முடிவு செய்யலாம். பத்து நிமிடத்தில் காலியானால் அந்த 30 கிலோமீட்டரின் பெரும்பகுதி பிறைப் பட்டையின் மேல்தான் ஓடியிருக்கிறது. புது டயருக்கு ஆர்டர் கொடுங்கள்.

பேட்ச் போட்டிருந்தால் மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன், நாலு டயரையும் அளந்து எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதேபோல் இன்னொரு தடவை. ரிப்பேர் செய்த டயர் மட்டும் மற்ற மூன்றைவிட இரண்டு பிஎஸ்ஐக்கு மேல் இறங்கியிருந்தால் பேட்சைச் சந்தேகிக்கும் முன் வால்வு பின்னில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பாதி நேரம் கசிவு அங்கேதான் இருக்கும்.